சீனக்குடா நமக்கு வெறும் வேலியா?

உறவுகளே, சீனக்குடா என்றால் நம் பிள்ளைகளுக்கு 'கேம்ப்' மட்டும்தான். பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் படிப்பிக்கும் நாம், அதை நடத்திய நகுமோவின் விமானங்களே 1942 ஏப்ரல் 9இல் இந்த ஓடுபாதைக்கும் குண்டு போட்டதைச் சொல்வதில்லை. 1957இல் பிரித்தானியர் இங்கிருந்த தளங்களைக் கையளித்தனர். இன்று விமானப்படை அகடமி இங்கேதான். விமானிகள் பறக்கப் பழகுவதும் இங்கேதான்.

பயிற்சி விமானத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளையிடம் "அது நமக்கில்ல மகன்" என்கிறோம். யார் சொன்னது? விண்ணப்பமே போடாமல் பாரபட்சம் என்று புலம்புவது நியாயமா? போடுவோம், தகுதியிருந்தும் தட்டிக்கழித்தால் அப்போது உரத்துக் கேட்போம். அதற்குக் கணிதமும் சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும். அதை இன்றே தொடங்குவது பெற்றோரும் ஆசிரியருமான நம் பொறுப்பு.

வரலாறு தெரியாவிட்டால் வேலி மட்டும்தான் தெரியும்.