கிரகணத்தன்று தரையைப் படமெடுங்கள்

2019 டிசம்பர் 26 காலை கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. சென்னைக்குக் கிட்டியது பகுதிக் கிரகணமே. அன்று இணையத்தில் குவிந்த படங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருந்தன: கறுப்புப் பின்னணியில் செம்மஞ்சள் பிறை. எந்த ஊரில், எவர் எடுத்தது என்பதற்கு அவற்றில் ஒரு தடயமும் இல்லை.

இது எடுத்தவர்களின் திறமைக்குறைவு அன்று. ஒளியை ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டியை லென்ஸின் முன்னே பொருத்தியாக வேண்டும். பொருத்தியதும் மரமும் கோபுரமும் மறைந்து பிறை மட்டுமே எஞ்சும். அதுவும் மிகச் சிறிது. வானில் சூரியனின் அகலம் அரைப் பாகைதான்; 200 மி.மீ. லென்ஸ் தரும் பிம்பம் 2 மி.மீ. அளவைக்கூட எட்டாது.

இதற்காக நம்மவர் காட்டும் துணிச்சல்தான் கவலை தருகிறது. பழைய எக்ஸ்ரே படலமும் புகைபடிந்த கண்ணாடியும் வெளிச்சத்தை மங்கச் செய்யுமே தவிர, அகச்சிவப்புக் கதிரை நம்பத்தக்க அளவில் தடுப்பதில்லை. கிரகணக் கண்ணாடி அணிந்தபடி, வடிகட்டியில்லாத கேமராவின் காட்சித்துளை வழியே சூரியனைப் பார்ப்பதும் ஆபத்தே. விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவதை உணராமலே பார்வை பழுதுபடும். மறுபுறம், கிரகணம் விடும்வரை பிள்ளைகளை வாசற்படி தாண்ட விடாத வீடுகளும் இருக்கின்றன. அசட்டுத் துணிச்சல், அளவு மீறிய அச்சம் இரண்டுக்கும் நடுவே எளிய வழியொன்று இருக்கிறது.

கேமராவைத் தரைக்குத் திருப்புங்கள். வேம்பின் நிழலில் நாள்தோறும் விழும் வட்ட ஒளிப்பொட்டுகள் உண்மையில் சூரியனின் பிம்பங்கள். இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் கேமரா. கிரகணத்தன்று அவ்வட்டங்கள் தலைகீழ்ப் பிறைகளாகின்றன. மரம் இல்லையென்றால் சல்லடை போதும். இரு கை விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பிடித்தாலும் போதும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று சாதாரணச் செல்பேசியில் எடுக்கலாம்.

வானியலாளர் எடுக்கும் படங்களின் பயனை மறுக்கவில்லை. அவை அளவைக்கு உரியவை. நமக்கு வேண்டியது நினைவு. முற்றத்துக் கோலத்தின்மீதும் குழந்தையின் சட்டைமீதும் பிறைகள் சிதறிக் கிடக்கும் படத்தில்தான் நம் ஊர் இருக்கும், நம் மனிதர் இருப்பர்.

2031 மே 21 அன்று மதுரை வட்டாரத்தில் வளையக் கிரகணம் தெரியவிருக்கிறது. அன்று பள்ளிகள் பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துச் செல்லட்டும்.