துடுப்பும் தோளும்

சென்ற இதழில் முழங்கால் வலியைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "தோள் வலியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அதில் ஒரு சகோதரி, "பெண்ணுக்கு ஜடை பின்னக் கையைத் தூக்கினால் உயிர் போகிறது. வீட்டில் சொன்னால், வேலை செய்யாமலிருக்க இது ஒரு சாக்கு என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் மனசு கேட்கவில்லை. என் சொந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

நான் சிங்கப்பூரில் குடித்தனம் செய்பவள். 38-வது வயதில், எதிர் வீட்டுச் சீனத் தோழி "சும்மா வந்து பாரேன்" என்று இழுத்துப் போக, காலாங்கில் டிராகன் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். நம் ஊர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: நீளமான, ஒடுங்கிய படகு, முகப்பில் டிராகன் தலை. ஜோடி ஜோடியாக 20 பேர் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். முன்னால் ஒருவர் முரசடிக்க, பின்னால் ஒருவர் சுக்கான் பிடிப்பார். சீனர்களின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் பண்டிகையை ஒட்டிப் போட்டிகள் நடக்கும். அடுப்படியே கதியென்று கிடந்தவளுக்கு, காலை வெயிலில் அந்தத் தண்ணீரும் முரசும் எப்படியிருந்திருக்கும்! இரண்டே வருஷத்தில் போட்டிக் குழுவில் இடம் கிடைத்துவிட்டது.

அங்கேதான் வினை பிடித்தது. நான் உட்கார்ந்தது இடது வரிசை. இடது கை துடுப்பின் கீழ்ப்பக்கம், வலது கை உச்சிப் பிடியில். ஒவ்வொரு வீச்சுக்கும் வலது கை தலைக்கு மேலே போய் வரவேண்டும். முதலில் லேசாக ஒரு சுருக். பயிற்சி முடிந்தால் போய்விடும். தைலம் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களே! பிறகு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குப் பாதி ஜடையில் கை நின்றுவிட்டது. "அம்மா, ஏன் அழறே?" என்று குழந்தை கேட்ட பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "தசைநாண் புண்பட்டிருக்கிறது. நல்லவேளை, கிழியவில்லை" என்றார் டாக்டர். தோள் மூட்டின் பந்து பெரிசு, அது உட்காரும் கிண்ணமோ ஆழமில்லாதது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அந்தப் பந்தை இடம் பெயராமல் பிடித்து வைப்பவை நான்கு சிறு தசைகள். அவற்றில் ஒன்றின் நாண், தோள் எலும்பின் கூரைக்கு அடியில் இருக்கிற சின்னச் சந்து வழியாகப் போகிறது. திரும்பத் திரும்பக் கையை மேலே தூக்கிப் பலம் கொடுத்தால் அது நைந்துபோகிறது.

பிசியோதெரபி அறையில் இருந்த பெண் என்னைவிட வயதில் சின்னவள். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் துடுப்புப் போடுவீங்க?" என்றாள். நாலு மணி என்றேன். "மற்ற நேரத்தில்?" "ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். "துணி எங்கே காயப்போடுவீங்க?" எங்கள் அடுக்குமாடியில் ஈரத்துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும். "சின்னப் பையனை யார் தூக்குறது? குக்கர் எந்த அலமாரியில் இருக்கு?" ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். எல்லாம் வலது கை, எல்லாம் தோளுக்கு மேலே! நாலு மணி நேரத் துடுப்பு மட்டும் குற்றவாளியில்லை. ஓய்வே கொடுக்காத மீதி நேரமும்தான். "ஒன்றுமில்லை" என்று எத்தனை பேர் சொல்கிறோம்!

கையைக் கட்டிப் போடவும் கூடாதாம். மூட்டு இறுகிவிடும் என்றாள். அவள் சொல்லிக் கொடுத்தவை இவை: மேஜையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல் மெதுவாக ஆட்டுவது. முழங்கையை மடக்கி, இடுப்போடு ஒரு மடித்த துண்டை இடுக்கிக்கொண்டு, புறங்கையால் சுவரை லேசாக அழுத்திப் பத்து எண்ணுவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுப்பக்கம் சேர்த்துப் பிடித்து விடுவது. வலி அடங்கிய பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலை வலி ஜாஸ்தியானால் பாதியாகக் குறைக்க வேண்டும். இதுதான் சட்டம்.

நான் சட்டத்தை மீறினேன். ஆறாவது வாரம் வலி போய்விட்டது. போட்டிக்கோ இன்னும் மூன்று வாரம். யாரிடமும் கேட்காமல் படகில் ஏறிவிட்டேன். அன்று இரவு தலையணையை நனைத்தேன். வலி போவது வேறு, நாண் பலப்படுவது வேறு. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறு வார உழைப்பு ஒரே காலையில் வீண். போட்டியும் போயிற்று.

குழுத் தலைவி திட்டவில்லை. "முரசுப் பக்கம் உட்கார், இடது கையால் அடி" என்றாள். முரசடிப்பவர் மற்றவர்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். அப்போதுதான் கண்டேன்: வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் கையால் இழுக்கவேயில்லை. காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புகிறார்கள். கை வெறும் கயிறு மாதிரி கூட வருகிறது. பயிற்சியாளர் சொல்லிச் சொல்லி என் காதில் ஏறாதது, கண்ணால் பார்த்தபோது புரிந்தது.

பக்கத்துப் படகுகளில் ஒன்று, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுடையது. ஆபரேஷனுக்குப் பிறகு கையை வருத்தினால் வீங்கும் என்று ஒரு காலத்தில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற டாக்டர் அப்படிப்பட்ட 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றினார். ஒருவருக்கும் வீக்கம் வரவில்லை. படிப்படியாக என்பதுதான் அதில் சூட்சுமம்.

நானும் அப்படியே போனேன். முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, நடுநடுவே பக்கம் மாறி. முழு 500 மீட்டர் ஓட்ட ஐந்து மாதம் பிடித்தது.

சகோதரிகளே, படகு ஏறாதவர்களுக்கும் தோள் ஒன்றுதான். அன்றாடம் எடுக்கும் பாத்திரத்தை மார்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். குழந்தையை இடுப்பு மாற்றித் தூக்குங்கள். இரவில் வலிக்கும் கையைத் தலையணைமேல் தாங்கலாக வையுங்கள். சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம், அலட்சியம் வேண்டாம். விழுந்த பிறகு கையைத் தூக்க முடியாவிட்டாலோ, கை மரத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தோள் வலியோடு நெஞ்சு கனமும் வியர்வையும் சேர்ந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் வலி சாக்கு அல்ல. இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஐந்து மாதமும் மூங்கில் கழி என் கணவர் கைக்கு மாறியது. ஜடையும் பின்னக் கற்றுக்கொண்டார். என் தோள் சரியாகிவிட்டது. ஆனால் பெண் இன்னும், "அப்பா பின்னினாத்தான் இறுக்கமா இருக்கு" என்கிறாள். நானும் மறுத்துப் பேசுவதில்லை!