வோல்ட் மாறக்கூடாது, ஆம்பியர்-மணி கூடலாம்

கேள்வி: பேட்டரி ஸ்பிரேயரில் இருந்த 12 வோல்ட், 8 ஏஎச் பேட்டரி பழுதாகிவிட்டது. கடையில் 12 வோல்ட், 12 ஏஎச் லித்தியம் பேட்டரி தருகிறார்கள். ஆம்பியர் கூடினால் மோட்டார் எரிந்துவிடாதா?
- வாசகர், வேப்பூர் வட்டாரம், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: எரியாது. 2018-இல் படைப்புழு வந்தபின் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மக்காச்சோள விவசாயிகளுக்கு மருந்து தெளிக்கும் வேலை கூடிவிட்டது. பாதி வயலில் பேட்டரி நின்றால் கலந்த மருந்து வீணாகும். எனவே இந்த இரண்டு எண்களையும் புரிந்துகொள்வது நல்லது.

மேல்நிலைத் தொட்டியின் உயரம் போன்றது வோல்ட்; தொட்டியில் உள்ள தண்ணீரின் அளவு போன்றது ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி. உயரம் கூடினால் வேகம் கூடும். 12 வோல்ட் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால்தான் எரியும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் கூடுதல் நேரம் வரும், அவ்வளவுதான். மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் 8 ஏஎச் பேட்டரி சுமார் இரண்டரை மணி நேரமும், 12 ஏஎச் பேட்டரி சுமார் 4 மணி நேரமும் ஓடும்.

லித்தியம் அயான் செல் ஒன்று 3.7 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், இதையே 12 வோல்ட் என்று விற்கிறார்கள். பக்கவாட்டில் சேர்க்கும் செல்கள் ஏஎச்சை மட்டும் கூட்டும்.

லேபிளில் 12 ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. விரல் பருமனுள்ள 18650 வகை செல் ஒன்று அதிகபட்சம் 3.5 ஏஎச் வரைதான் தரும். எடை 45 முதல் 50 கிராம். ஆகவே 12 ஏஎச்சுக்குக் குறைந்தது 12 செல்கள் வேண்டும். தராசில் வைத்துப் பார்க்கும்போது அரைக் கிலோவுக்குக் குறைந்தால் அந்த எண் பொய்.

சார்ஜரையும் சேர்த்தே வாங்க வேண்டும். மூன்று செல் தொடர் 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். பழைய ஈயப் பேட்டரி சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். அதைப் போட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் செல் ஒன்று 3.2 வோல்ட், நான்கு செல் தொடர் 14.6 வோல்ட்டில் நிறையும். அதற்கும் உரிய சார்ஜர் வேண்டும்.

வைக்கோல், மருந்து டப்பா அருகிலோ, இரவில் எல்லோரும் தூங்கும் அறையிலோ சார்ஜ் போடக்கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது.