யாரைக் கேட்டுப் பங்கிட்டார்கள்?

ஒருவனுடைய காணியை விற்பதற்கு அவன் கையெழுத்து வேண்டும். ஆனால் அவனையே ஒரு தேசத்தின் கணக்கிலிருந்து மற்றொரு தேசத்தின் கணக்குக்கு மாற்றுவதற்கு அவனைக் கேட்க வேண்டியதில்லை என்று இரண்டு சர்க்கார்கள் முடிவு செய்தன. 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி புது டில்லியில் ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையே குறிப்பிடுகிறோம்.

இலங்கையில் பிரஜா உரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974-இல் பார்த்துக்கொண்டார்கள்: ஆளுக்குப் பாதி! தென்னந்தோப்பைப் பிரிக்கும் பங்காளிகள்கூட மரத்துக்கு மரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள்.

அம்மக்கள் பேசத் தெரியாதவர்கள் அல்லர். 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்து பார்லிமெண்டுக்கு அனுப்பியவர்கள். 1948-இல் வந்த சட்டம் அவர்களுடைய பிரஜா உரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. வாக்கை இழந்தவர்களின் வாழ்வைப் பிறர் தீர்மானிப்பது பின்பு எளிதாயிற்று. அவர்களுடைய தலைவரான ஸ்ரீ தொண்டமான் ஒப்பந்தத்தை எதிர்த்தார். அந்த எதிர்ப்பால் கணக்கு மாறவில்லை.

விளைவு என்ன? 1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இலங்கைப் பிரஜா உரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய தொகைக்கு இரு மடங்கிற்கும் அதிகம். இந்தியா வர விரும்பியவர்களோ ஒதுக்கிய தொகைக்குக் குறைவு. முன்பே கேட்டிருந்தால் இந்த உண்மை முன்பே தெரிந்திருக்கும். இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கண்டறியாத 'தாயகத்தில்' வாழ்வைப் புதிதாகத் தொடங்கினார்கள். 1984-இல் கலவரத்தால் கப்பலும் நின்றது. மீந்தோர் நடுவழியில் நின்றார்கள். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்தோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் இலங்கைப் பிரஜா உரிமை அளிக்கும் சட்டம் 2003-இல்தான் பிறந்தது. ஒரு கேள்வியைக் கேட்கத் தவறியதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் அபராதம்!

சென்றவன் குரலைக் கேட்டதால் நன்மை விளைந்ததும் உண்டு. 1893-இல் பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்ற தோத்தாராம் சநாத்தியர் 1914-இல் திரும்பி, தாம் பட்டதை ஹிந்தியில் எழுதி வெளியிட்டார். அந்நூல் தேசத்தின் மனச்சாட்சியைக் குத்தியது. ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சி வலுத்து, 1917-இல் கூலிகளை அனுப்புவது நின்றது.

ராஜ்ய விவகாரங்களைத் தொழிலாளர்கள் தீர்மானிப்பதா என்று சிலர் கேட்கலாம். எல்லையைக் காப்பதும் ஒப்பந்தம் செய்வதும் சர்க்காரின் கடமையே; மறுக்கவில்லை. ஆனால் தரகனிடம் பட்ட கடன் எவ்வளவு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியிடம் சம்பளம் கேட்பது எப்படி என்பவை பட்டவனுக்கே தெரியும். அவனைக் கேளாமல் வகுக்கும் விதி, நோயாளியைப் பாராமல் கொடுக்கும் மருந்தாகும்.

வேற்று நாட்டுத் தொழிலாளர்கள் தாமே தேர்ந்த பிரதிநிதிகள், அவர்கள் நலத்தைக் கவனிக்கும் ஸ்தாபனங்களில் இடம்பெற வழி காணவேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் 1990-ஆம் வருஷ உடன்படிக்கை கூறுகிறது. இலங்கை அதை 1996-இல் ஏற்றுக்கொண்டது. லட்சோப லட்சம் பேரை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்குரிமை தந்தது. ஆயினும் சொந்தத் தொகுதிக்கு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். கத்தாரில் செங்கல் சுமப்பவன் ஒரு வாக்குக்காக விமானமேறி வருவானா?

ஆகவே நாம் கோருவது மூன்று. தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தம் எதுவும், கையொப்பமாகுமுன் அவர்கள் தாய்மொழியில் வெளியிடப்பட வேண்டும். அதை ஆராயும் சபையில் வெளிநாட்டில் உழைப்போரும் உழைத்துத் திரும்பியோரும், பெண்கள் உட்பட, தாமே தேர்ந்த பிரதிநிதிகளாக அமரவேண்டும். இருக்குமிடத்திலிருந்தே வாக்களிக்க வழி செய்யவேண்டும்.

அவர்கள் அனுப்பும் பணத்தைத் தேசம் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறது. அவர்கள் சொல்லையும் பெற்றுக்கொள்வதே நியாயம்.