கரண்டிக்கு மயங்கும் மீன்!

கணியம்பாடிப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் நின்றால் போதும், பையன்கள் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள். முள்ளில் கோர்க்க ஒரு மண்புழு வேண்டும். ஆழமான கடலில் அந்தப் புழுவும் வேண்டாம். ஒரு கரண்டி போதும்!

வேடிக்கை அல்ல. காம்பில்லாத கரண்டி போன்ற பளபளப்பான தகடு அது. ஒரு முனையில் நைலான் நரம்பு, மறு முனையில் முள். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் ஏரியில் படகில் இருந்தபோது, சாப்பாட்டுக் கரண்டி நழுவி விழுந்ததாம். ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். கதை எப்படியோ, அவர் 1852-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆழத்துக்குக் கனமான, ஒடுங்கிய தகடுதான் சரி. லேசானதை நீரோட்டம் இழுத்துப் போய்விடும். அடிவரை இறக்கி, வெடுக்கென்று மேலே இழுத்து, மறுபடி விட வேண்டும். தகடு தள்ளாடி மின்னிக்கொண்டே விழும். அடிபட்ட சின்ன மீன் என்று நினைத்துப் பாரையும் சூரையும் கவ்வும். பெரும்பாலும் விழும்போதுதான் கவ்வும். அதனால் நரம்பிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. வஞ்சிரத்துக்கோ பல் கத்தி மாதிரி. கரண்டிக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டாவிட்டால் கரண்டியும் போச்சு, மீனும் போச்சு!

இந்த வித்தையை நம் கடலோர இளைஞருக்கு அரசாங்கமே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பேன். இழுவை வலை கடலடியைச் சுரண்டிக் குஞ்சுகளையும் வாரிவிடுகிறது. பாக் நீரிணையில் அதைக் குறைக்க 2017-ல் ஒரு திட்டம் வந்தது. அப்போது ஆழ்கடல் படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய்! மானியம் போகவும் கடன் சுமை லேசானதல்ல. கரண்டித் தூண்டிலுக்கோ சின்னப் படகு போதும்.

'கரண்டியால் படகு நிறையுமா?' என்று கேட்பார்கள். நிறையாதுதான். ஒரு முள்ளுக்கு ஒரு மீன். ஆனால் குஞ்சு தப்பும். அடுத்த வருஷமும் மீன் இருக்கும். தோல் கழிவால் பாலாறு கெட்ட கதையை நாம் கண்ணால் கண்டவர்கள். 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியும், கெட்ட தண்ணீர் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. கடலுக்கும் அந்தக் கதி வர வேண்டுமா?

தாய்மார்களே, வேலூர்க் கடையில் மீன் வாங்கும்போது, "தூண்டிலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். வலையில் நசுங்காத மீன் அது. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.