டின்னுக்கு ஒரு டம்ளர் வேப்பெண்ணெய்

மகாமகக் குளத்தின் பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். வாழைக்காய் பஜ்ஜி, மசால் வடை, மழை நாளாக இருந்தால் மிளகாய் பஜ்ஜியும் உண்டு. நடத்துகிற அம்மா, வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு பெண்களை அந்த வாணலியை வைத்துத்தான் கரையேற்றினார். எனக்குப் பஜ்ஜி கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. வாசனைக்கு அவர் தடை போடவில்லை. அதனால் நடையை முடித்துக்கொண்டு அங்கே ஐந்து நிமிஷம் நிற்பேன்.

போன மாதம் ஒருநாள் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவன் வந்தான். வண்டிக்கு அடியில் இருந்த பழைய எண்ணெய் டின்னைத் தூக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

"எங்கேம்மா கொண்டுபோறான்?"

"டீசல் பண்றாங்களாம் சார். முன்னெல்லாம் சாக்கடையில ஊத்திக்கிட்டிருந்தேன். இப்ப காசு குடுக்குறாங்க."

"ரசீது குடுத்தானா?"

"அதெல்லாம் யாரு சார் கேட்டா?"

ரசீது என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் காது நிமிர்ந்துவிடும். காரைக்காலில் முப்பத்துநாலு வருஷம் குமாஸ்தா வேலை. அதில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெய், சர்க்கரை, பாமாயில் இவற்றின் இருப்புப் பதிவேடுகளோடுதான் போயிற்று. டின் எங்கே போகிறது என்ற கேள்வி அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் பேரன் மெக்கானிகல் படித்தவன். இரண்டு சினேகிதர்களோடு சேர்ந்து, சுவாமிமலை போகிற சாலையில் ஷெட் போட்டுப் பழைய எண்ணெய் வாங்கிச் சுத்தம் செய்து பயோடீசல் ஆலைக்கு அனுப்புகிறான். "வாங்க தாத்தா, வந்து பாருங்க" என்று பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுத்த நாளே போய்விட்டேன்.

பழைய எண்ணெயில் என்னென்ன இருக்கும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்வார்கள். கடலை மாவுத் தூள், கருகிய துணுக்கு, காய்கறியிலிருந்து இறங்கிய தண்ணீர், உப்பு. இதில் தண்ணீர்தான் பெரிய எதிரி என்றான் பையன். எண்ணெயை பயோடீசல் ஆக்க மெத்தனாலோடு கொஞ்சம் காஸ்டிக் சோடா மாதிரி காரம் சேர்த்து, அறுபது டிகிரி சூட்டில் கலக்க வேண்டும். நூறு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இருபது லிட்டர் மெத்தனால். ஏறக்குறைய எண்ணெய் அளவுக்கே பயோடீசல் மேலே நிற்கும், கிளிசரின் அடியில் தங்கும். எண்ணெயில் தண்ணீர் இருந்தாலோ காரம் வேறு வேலையில் இறங்கிவிடும், சோப்பாகிவிடும். அந்தக் காலத்தில் வீட்டிலேயே எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கிண்டி சோப்புக்கட்டி போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி, இன்ஜின் அடைத்துக்கொள்ளும் என்றான். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

தண்ணீரையும் தூளையும் பிரிக்க அவன் வைத்திருப்பது ஒரு சென்ட்ரிஃப்யூஜ். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வாயுள்ள, கனமான ஒரு கிண்ணம், மோட்டாரில் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றுகிறது. எண்ணெயை எழுபது எண்பது டிகிரிக்குச் சூடாக்கி, இளகவைத்து, மெல்லிய தாரையாக உள்ளே விடுகிறார்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கொஞ்சந்தான் கனம். டின்னில் சும்மா வைத்தால் வாரக்கணக்கில் ஆனாலும் முழுதாகப் பிரியாது. இந்தச் சுழற்சியில் கிண்ணத்தின் விளிம்பில் இழுப்பு பூமியின் இழுப்பைப்போல் மூவாயிரம் மடங்கு ஆகிறது. கனமான தூள் போய் ஓரத்தில் அப்பிக்கொள்கிறது, அதற்கு உள்பக்கம் தண்ணீர், நடுவில் எண்ணெய். ஸ்வீடனில் குஸ்தாவ் தெ லவால் என்பவர் 1878-ல் பாலிலிருந்து ஏடு பிரிக்க அமைத்த இயந்திரத்தின் வம்சந்தான் இது. நம் பால் சொசைட்டிகளில் பார்த்திருப்பீர்கள்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு இந்த இடத்தில் வாயைக் கட்ட முடியாது. எங்கள் விஞ்ஞான வாத்தியார் ஒரு வாளித் தண்ணீரைத் தலைக்கு மேலே சுழற்றி "ஃபோர்ஸ் சாந்த்ரிஃப்யூஜ்!" என்று கத்துவார். முதல் பெஞ்சுக்காரர்கள் நனைவோம். ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர் என்று புத்தகத்தில் இருந்தால், "பிறந்தது பாரிஸில், 1858-ல்" என்று திருத்திவிட்டுத்தான் மேலே போவார். 1900-ல் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்பதையும் அவரிடம்தான் முதலில் கேட்டேன். பாண்டிச்சேரித் துறையிலிருந்து மர்ஸேய்க்குக் கப்பல் கப்பலாக மணிலாக்கொட்டை போன காலம் அது. எண்ணெயில் இன்ஜின் ஓட்டுவது இன்றைக்கு முளைத்த யோசனை அல்ல.

பேரன் இரண்டு கண்ணாடி பாட்டில்களை மேஜைமேல் வைத்தான். ஒன்று வந்த எண்ணெய்: சாக்கடைத் தண்ணீர் தேவலை. இன்னொன்று இயந்திரத்திலிருந்து வெளியே வந்தது. தேன் நிறம், பளிச்சென்று, அந்தப்பக்கம் இருக்கிற விரல் தெரிகிறது. கடையில் பாட்டிலில் போட்டு வைத்திருந்தால் நானே ஒரு லிட்டர் வாங்கியிருப்பேன்.

"அப்போ இதுல திரும்ப வடை சுடலாம் போலிருக்கே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "அதான் தாத்தா பயம். இந்த மெஷின் கண்ணுக்குத் தெரியற அழுக்கைத்தான் எடுக்கும். எண்ணெயிலேயே கரைஞ்சு போனதை எடுக்காது."

எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சும்போது அது உள்ளுக்குள் உடைந்து, வேறு பொருள்களாக மாறுகிறது. மொத்தமாகப் போலார் சேர்மங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. அந்தச் சேர்மங்கள் எண்ணெயோடு எண்ணெயாக நடுவிலேயே தங்கிவிடும். ஆறாயிரம் சுற்று சுற்றினாலும் ஓரத்துக்குப் போகாது. பயோடீசலுக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை, வயிற்றுக்குத்தான் பாதகம்.

கறுப்பாக நாறுகிற எண்ணெயை எவனும் ஏமாந்து வாங்க மாட்டான். சுத்தம் செய்த எண்ணெய்தான் ஆபத்து.

பிறகு அவன் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. இரண்டு மாதம் முன்னால் ஒரு ஆள் ஷெட்டுக்கு வந்திருக்கிறார். சுத்தம் செய்த எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன், ஆலை கொடுக்கிற விலைக்கு மேலே தருகிறேன், பில் வேண்டாம் என்றாராம். "எதுக்குன்னு கேட்டேன் தாத்தா. சொல்லல. திரும்ப வரேன்னு போயிட்டாரு." பையன் நல்லவன், கொடுக்கவில்லை. நாளைக்கு வேறு ஷெட்டில், கடன் தவணை கட்ட முடியாமல் நிற்கிற வேறொரு பையன் என்ன செய்வான்?

கற்பனையாகப் பயப்படுவதாக நினைக்க வேண்டாம். 2014-ல் தைவானில் கழிவு எண்ணெயைச் சுத்தம் செய்து சமையல் கொழுப்பில் கலந்து விற்றது வெளியே வந்தபோது, அதை வாங்கியிருந்த உணவகங்களும் பேக்கரிகளும் ஆயிரத்துக்கு மேல். தெரியாமல் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும்.

நம் அரசாங்கம் சும்மா இல்லை. 2018 ஆகஸ்டில் ரூகோ என்ற திட்டம் வந்தது: உபயோகித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்புவது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. காட்டாமணக்கு நட்டால் டீசல் கொட்டும் என்று ஒரு காலத்தில் விவசாயிகளை உசுப்பிவிட்டு, அவர்கள் நட்டதையே பிடுங்கிப்போட்டதை நினைத்தால், இது எவ்வளவோ மேல். நிலமும் தண்ணீரும் கேட்கவில்லை, இருக்கிற கழிவைத்தான் கேட்கிறது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவழிக்கிற கடைகள் கணக்கு வைக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கழிவைக் கொடுக்க வேண்டும் என்று 2019 மார்ச் முதல் நடைமுறையும் உண்டு.

கணக்கைப் பற்றி என்னைவிட மரியாதையாகப் பேசக்கூடிய ஆள் கிடைக்க மாட்டான். ஆனால் பதிவேட்டுக்கு மூக்கு கிடையாது. பெரிய ஓட்டலில் எழுதுவார்கள். தள்ளுவண்டி அம்மா ஐம்பது லிட்டர் கணக்கில் எங்கே வருகிறார்? எழுதிய டின்னும் வழியில் திரும்பினால் பதிவேடு கத்தப் போவதில்லை. பொருளே கத்த வேண்டும்.

இதை நான் மண்ணெண்ணெயிடம் கற்றேன். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டார்கள், நினைவிருக்கும். லாரி டீசலில் கலந்தால் காட்டிக்கொடுக்கும் என்று. என் மேஜைமேல் நீல பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் மாதிரிக்கு எப்போதும் இருக்கும். சாயம் வந்ததும் பலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். சிலர் மட்டும் களிமண்ணில் வடிகட்டி நீலத்தை எடுத்துவிட்டு விற்றார்கள். ஆக, நிறம் மட்டும் போதாது.

அடுத்த பாடம் யூரியா. டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம் ஆயிற்று. தழைச்சத்து மெதுவாக இறங்கும் என்பது ஒரு காரணம், மானிய யூரியா தொழிற்சாலைகளுக்கு நழுவக் கூடாது என்பது இன்னொன்று.

மூன்றாவது பாடத்தை எழுதவே கை கூசுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்களே, அது மெத்தனால். அதற்கு முந்திய வருஷம் மரக்காணம் பக்கமும் அதுதான். தொழிலுக்கென்று இருந்த பொருள், பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் மாதிரியே இருந்ததால் தொண்டைக்குள் போயிற்று. பிரெஞ்சில் எரிசாராயத்தை "அல்கோல் தெநாத்யூரே" என்பார்கள், இயல்பு கெடுக்கப்பட்டது என்று அர்த்தம். குடிக்க முடியாதபடி முதலிலேயே கெடுத்து வைத்துவிடுவது.

என் யோசனை இவ்வளவுதான். பழைய எண்ணெய் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன், டின்னுக்கு ஒரு டம்ளர் வேப்பெண்ணெய் ஊற்றிவிட வேண்டும். கடைக்காரர் கண்முன்னால், சேகரிக்க வருகிறவர் கையால், அவர் செலவில். ஆலைக்குப் போகிறவனுக்கு இதில் நஷ்டம் இல்லை. சமையலறைக்குப் போகிறவன் அந்தக் கசப்பையும் நாற்றத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

பேரனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். "வேப்பெண்ணெயில புளிப்பு அமிலம் அதிகம், கந்தகமும் இருக்கு. ஆனா பதினஞ்சு கிலோவுல ஒரு டம்ளர்னா ஒரு சதவீதம் சொச்சம். அதுவும் தாவர எண்ணெய்தானே, சேர்ந்து டீசலாயிடும்" என்றான். வாசனையை எடுக்கவே முடியாதா என்று கேட்டேன். பெரிய ரிஃபைனரி வைத்து, வெற்றிடத்தில் நீராவி விட்டு எடுக்கலாமாம். பில் வேண்டாம் என்று வருகிறவர் அவ்வளவு முதல் போட மாட்டார்.

ஆலைக்காரர்களோ விஞ்ஞானிகளோ வேறு பொருள் நல்லது என்றால் அதைப் போடட்டும், எனக்கு வேப்பெண்ணெய் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. சிறுவயதில் அதைக் குடிக்கவைத்தவர்கள்மேல் இன்னும் கோபந்தான். ஆனால் பெரிய மெஷின், மானியம், கூட்டம், புகைப்படம் எல்லாவற்றுக்கும் முன்னால் இது நடக்க வேண்டும். 2028-ல் மகாமகம் வருகிறது. அந்த நாட்களில் இந்த ஊரில் எத்தனை வாணலி ஏறும், எத்தனை டின் இறங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மனு எழுதி, தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பக்கம், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. பழக்கம் போகவில்லை.

அதற்கு முன்பே பெரிய கடைத் தெருவில் ஒரு பாட்டில் வேப்பெண்ணெய் வாங்கித் தள்ளுவண்டி அம்மாவிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார்.

"இத ஊத்திட்டா அந்தப் பையன் டின்ன எடுப்பானா சார்?"

"டீசலுக்குன்னா எடுப்பான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை அவன் வந்தபோது ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறார். டின்னை முகர்ந்து பார்த்தானாம். போனில் யாரிடமோ பேசிவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவன் இதுவரை வரவில்லை. டின் காசு போயிற்றே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. பேரனிடம் சொன்னேன். இப்போது சனிக்கிழமைகளில் அவனே வந்து எடுத்துக்கொண்டு போகிறான். விலை கொஞ்சம் குறைவு. ரசீது கொடுக்கிறான்.