குளிருக்குக் கோட்டு வாங்காத மனிதர்

பாரிஸ் நகரம், 1875 மார்ச் 24. ஏலக்கூடத்தில் ஒரே கூச்சல். மோனே, ரெனுவார், சிஸ்லே, பெர்த் மொரிசோ என்று நான்கு ஓவியர்கள் தங்கள் படங்களை ஏலத்துக்கு விட்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் தூக்கிக் காட்டும்போது கூட்டம் கேலி செய்தது. கடைசியில் போலீஸ் வந்துதான் ரகளையை அடக்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் வந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ரெனுவாருக்குக் கடிதம் எழுதினார்: 'என் மனைவியை வரைந்து தர முடியுமா?'

அவர் பெயர் விக்டர் ஷோக்கே. வயது 53. சுங்க இலாகாவில் குமாஸ்தா உத்தியோகம், அளவான சம்பளம். பிறந்த ஒரே மகளும் சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். வீட்டில் அவரும் மனைவி மரியும்தான். மீதி இடமெல்லாம் பழைய நாற்காலிகள், பீங்கான்கள், படங்கள். எல்லாம் கடைகடையாக அலைந்து, பேரம் பேசிச் சேர்த்தவை. படம் வாங்குவதற்காகக் குளிர்காலத்தில் மேல்கோட்டுகூட இல்லாமல் நடப்பார் என்று ரெனுவார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஷோக்கேவுக்குத் தெய்வம் என்றால் டெலாக்ருவா. பிரான்ஸின் அந்தப் பெரிய ஓவியருக்கு 1862-இல் ஒரு கடிதம் போட்டு, மனைவியை வரைந்து தரும்படி கேட்டிருந்தார். கண் சரியில்லை, இப்போது உருவப்படம் வரைவதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறு வருடமே டெலாக்ருவா இறந்துபோனார். 13 வருடம் கழித்து அதே வேண்டுகோள் ரெனுவாருக்குப் போனது. மனைவிக்குப் பின்னால் சுவரில் டெலாக்ருவா படம் ஒன்றும் தெரிய வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. ரெனுவார் அப்படியே வரைந்து கொடுத்தார்.

ரெனுவார் நல்ல மனசுக்காரர். கிடைத்த ஆளைத் தனக்கே வைத்துக்கொள்ளவில்லை. 'உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒருவன் இருக்கிறான்' என்று வண்ணக்கடைக்காரர் தாங்கியிடம் கூட்டிப் போனார். அங்கே யாரும் சீண்டாமல் கிடந்தவை பால் செசானின் படங்கள். குளிக்கும் பெண்கள் இருக்கும் சின்னப் படம் ஒன்றைப் பார்த்ததும் ஷோக்கே விழுந்துவிட்டார். வாங்கியும்விட்டார். அப்புறம்தான் பயம் வந்தது: மரி என்ன சொல்வாள்?

இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போட்டார்கள். ரெனுவார் அந்தப் படத்தை யதேச்சையாகக் கொண்டுவந்தவர் போலக் காட்டி, 'மறந்து' விட்டுவிட்டுப் போக வேண்டியது. கொஞ்ச நாள் கண்ணில் பட்டுப் பழகியதும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். புதுப் புடவையை 'இது பழசுதான்' என்று சொல்லி அலமாரியில் வைக்கும் வீடுகளில் இந்தத் தந்திரம் நன்றாகவே புரியும்!

செசானுக்கு அப்போது 36 வயது. யாரோடும் ஒட்டாத ஆள். யாராவது மேலே கை பட்டாலே பதறுவார். அவரை ஷோக்கே வீட்டுக்கு அழைத்துப் போனபோது, வந்ததும் கேட்ட முதல் கேள்வியே டெலாக்ருவாவைப் பற்றித்தான் என்பார்கள். ஷோக்கேவுக்கு அது போதாதா? சுவரில் இருந்தவற்றைக் காட்டினார். பிறகு இழுப்பறைகளில் வெளிச்சம் படாமல் பூட்டி வைத்திருந்த நீர்வண்ணப் படங்களை எடுத்துத் தரை முழுக்கப் பரப்பினார். இருவரும் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருவரும் அழுதார்கள் என்று சொல்வதுண்டு. மிகையாக இருக்கலாம். ஆனால், அன்று தொடங்கிய நட்பு கடைசி வரை முறியவில்லை என்பது மிகை இல்லை.

1877 கண்காட்சியில் செசான் 16 படங்கள் வைத்தார். அதில் ஒன்று ஷோக்கேவின் முகம். வாரிய தலைமுடி, ஒட்டிய கன்னம், பச்சையும் மஞ்சளும் கலந்த தோல். ஊரே சிரித்தது. கர்ப்பிணிப் பெண்ணோடு போனால் அந்தப் படத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுங்கள், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மஞ்சள் காய்ச்சல் வந்துவிடும் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். தன் முகத்தை வைத்து நடந்த இந்தக் கேலிக்கு நடுவே ஷோக்கே நாள் தவறாமல் அங்கே போய் நின்றார். சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி, 'இங்கே பாருங்கள், இந்த நிறத்தைப் பாருங்கள்' என்று வாதாடினார். எத்தனை பேர் மனம் மாறினார்களோ! பைத்தியம் என்று பட்டம் கிடைத்ததுதான் மிச்சம்.

அந்தக் குழுவின் கண்காட்சிகளில் செசான் அதற்குப் பிறகு கலந்துகொள்ளவே இல்லை. ஆனால், ஷோக்கேவை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்தார்.

அன்பால் வந்த வினையும் ஒன்று உண்டு. செசானுக்கு ஒர்த்தான்ஸ் என்ற துணையும் ஒரு மகனும் இருந்தது அவருடைய அப்பாவுக்குத் தெரியாது. அப்பா பேங்க் முதலாளி, கறார் பேர்வழி. மாதாமாதம் அவர் அனுப்பும் பணத்தில்தான் மகன் பிழைப்பு. 1878-இல் ஷோக்கே எழுதிய கடிதத்தில் 'திருமதி செசானும் குட்டிப் பையனும்' என்று நலம் விசாரிக்கும் ஒரு வரி. கடிதத்தைப் பிரித்தவர் அப்பா! படி 100 பிராங்காகக் குறைந்தது. 39 வயது மகன், நண்பன் எமில் ஸோலாவிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று. இதற்காக ஷோக்கேமேல் செசான் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1886-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், உங்களுக்கு வாய்த்த மன நிதானம் எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் ஏங்கினார்.

1889-இல் பாரிஸில் உலகக் கண்காட்சி. ஷோக்கேவிடம் இருந்த அருமையான பழைய மரச்சாமான் ஒன்றை இரவல் கேட்டார்கள். தரலாம், ஆனால் செசான் படம் ஒன்றையும் மாட்ட வேண்டும் என்றார் கிழவர். மாட்டினார்கள், யார் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில்!

1891-இல் ஷோக்கே இறந்தார். வயது 69. செசானின் முதல் தனிக் கண்காட்சியைப் படவியாபாரி வொல்லார் நடத்தியது 1895-இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. மரியும் இறந்த பிறகு, 1899 ஜூலையில் வீட்டில் இருந்ததெல்லாம் ஏலத்துக்கு வந்தன. செசான் படங்கள் மட்டும் 30-க்கு மேல். உலகக் கண்காட்சியில் உயரத்தில் மாட்டிய அதே படம், 'தூக்கிலிடப்பட்டவனின் வீடு', 6,200 பிராங்குக்குப் போனது. இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஷோக்கே சேகரித்த டெலாக்ருவாவின் பூங்கொத்து ஒன்று வொல்லார் கைக்குப் போனது. அவர் அதைச் செசானிடமே கொடுத்தார். வெளிச்சத்தில் நிறம் வெளுத்துவிடக் கூடாது என்று செசான் அதைத் தன் படுக்கையறையில் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்தார். 60 வயதைத் தாண்டிய பிறகு, அந்தப் பூக்களை எடுத்து வைத்துப் பார்த்து, தானும் ஒருமுறை வரைந்தார்.